சித்தியவானைப் பணயம் வைத்த ஆட்டம்

குதிரைப் பந்தயம் சூதாட்டத்தில் சேராது என்று மனைவி பியாட்ரிஸை ஒப்புக்கொள்ள வைத்தே தீருவதென லியோனார்ட் கங்கணம் கட்டிக்கொண்டார். எழுபத்தெட்டாம் வருஷத் தவக்காலம். மறுநாள் சனிக்கிழமை ஈப்போவில் பந்தயம். அதே நாளில்தான் சித்தியவான் ஊரிலிருக்கும் மாமியார் வீட்டுக்கும் போயாக வேண்டும். அம்மாவை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று பியாட்ரிஸ் கேட்டபோதெல்லாம் அவர் மறுத்துவிட்டதால் வந்த ஏற்பாடு அது.

லியோனார்டுக்கு வேலை எழுத்தர், உயிர் சொல்லாராய்ச்சி. சூது என்றால் வஞ்சனை, குதிரைக்கு வஞ்சனை தெரியுமா, அது பாட்டுக்கு ஓடுகிறது என்று ஆரம்பித்தார். பணயத்திலிருந்துதான் பணமே பிறந்தது, ஆகவே சம்பளம் வாங்குகிற பாதிரியாரும் சூதாடிதான் என்று முடித்தார். பியாட்ரிஸ் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"பணயம்னா என்னங்க?"

"தோத்தா எதை விட்டுக்கொடுக்கிறோமோ அது. வாயால சொல்லி வைக்கணும். சொன்னபிறகு பேச்சு மாறக்கூடாது."

"அப்ப தாயம் ஆடுவோம்லா. நீங்க தோத்தா ரேஸ் இல்ல. நான் தோத்தா சித்தியவானுக்கு நாம போறதில்ல."

அவர்கள் குடியிருந்த சுங்கை சிப்புட் தோட்டத்து லய வீடுகளில் பியாட்ரிஸைத் தாயத்தில் ஜெயித்தவர் கிடையாது. கேட்ட நேரத்தில் தாயம் விழும் கை அது. ஆனாலும் லியோனார்ட், தாயம் என்றால் பங்கு, தாயாதி என்ற சொல்லே அதில் வந்ததுதான், என் பங்கு எனக்கு விழாமலா போகும் என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார்.

விழுந்தது. அவர் புளியங்கொட்டையை உருட்டும்போதெல்லாம் விழுந்தது. அவளுக்கு மட்டும் விழவே இல்லை. கல்யாணமான நாள் முதலாக இப்படியொரு வெற்றியை அவர் கண்டதில்லை. பெருமையில் ராத்திரி இரண்டு தட்டுச் சோறு கூடுதலாக இறங்கியது.

மறுநாள் அவர் பணம் கட்டிய குதிரை எல்லாக் குதிரைகளுக்கும் வழிவிட்டுக் கடைசியாக வந்தது. அதனாலென்ன, வீட்டில் ஜெயித்தவனுக்கு வெளியில் தோற்றால் வலிக்குமா? சீட்டியடித்துக்கொண்டே திரும்பினார்.

வாசலில் ஒரு டிரங்குப் பெட்டி. உள்ளே, அவருடைய சாய்வு நாற்காலியில் மாமியார் ரோசரியம்மாள், கையில் ஜெபமாலையோடு. அந்த அம்மாள் இருக்கும் வீட்டில் குதிரை என்று வாயெடுக்க முடியாது. முழந்தாளிட்டு ஜெபம் சொல்லாதவருக்குச் சாப்பாடும் கிடையாது.

லியோனார்ட் மனைவியை அடுப்படிக்கு இழுத்துப் போய், இது என்ன என்று கேட்டார்.

"நாம வரலைன்னு காலையிலே கடையிலேருந்து அம்மாவுக்கு போன் போட்டு சொன்னேன். அப்படின்னா நான் வாரேன்னு பஸ் ஏறிட்டாங்க. ஈஸ்டர் வரைக்கும் இருப்பாங்க," என்றாள் பியாட்ரிஸ். "பேச்சு மாறக்கூடாதுங்க. நீங்க ஜெயிச்ச ஆட்டம்லா."