ஆறு ஏஜென்ட்டும் ஒரு அறுவடை மெஷினும்

"நம்ம வயல்ல நெல்லு சாஞ்சு கிடக்குறது டீக்கடை வரைக்கும் தெரிஞ்சிருக்கு மதி! உன் புரோக்ராம் ரகசியத்தைக் காப்பாத்துற லட்சணம் இதானா?"

சிங்கப்பூரிலிருந்து குஞ்சிதபாதம் சித்தப்பா போட்ட சத்தத்தில் மதிவதனி காபித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

ஒரத்தநாட்டுப் பக்கத்து அந்தக் கிராமத்தில் ஆறு வயல்காரர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். அறுவடைக்கு வருவது ஒரே மெஷின். யாருக்கு அவசரம் என்று மெஷின் புரோக்கருக்குத் தெரிந்தால் அவருக்கு மட்டும் வாடகை ஏறிவிடும். அதனால்தான் பெங்களூர் கம்பெனிக்கு ஊரிலிருந்தே வேலை பார்க்கும் மதிவதனி ஆளுக்கொரு ஏஜென்ட் புரோக்ராம் எழுதிக் கொடுத்திருந்தாள். பயிர் நிலவரத்தை வீட்டிலிருப்பவர்கள் போனில் தட்டிவிட்டால் போதும். ஆறு ஏஜென்ட்டும் தங்களுக்குள் பேசி, யாருக்கு எந்த நாள் என்று முடிவு செய்துவிடும். அவசரம் யாருக்கு என்பது மட்டும் வெளியே வராது.

வராது என்று நம்பினால் போதாது, நிரூபிக்க வேண்டும். அதுதான் அவள் தொழில். ஏஜென்ட்டுகள் பேசக்கூடிய ஒவ்வொரு வழியையும் விடாமல் சோதிக்க வேண்டும். ஆறு ஏஜென்ட் என்றால் வழிகள் கோடிக்கணக்கில். லேப்டாப் இரண்டு நாள் தோசைக்கல்லாய்க் காய்ந்தது. பாதிகூட முடியவில்லை.

மூன்றாம் நாள் அவளுக்குப் பொறி தட்டியது. ஆறுக்கும் விதி ஒன்றுதான், பெயர்தான் வேறு. சித்தப்பா வீட்டு அம்சம் சித்தி வயலுக்குச் சோதித்ததை இருதயம்மாள் வயலுக்கு எதற்கு மறுபடி சோதிக்க வேண்டும்? ஒரே மாதிரியானவற்றை எல்லாம் ஒன்றாகக் கட்டினாள். பதினோரு நிமிஷத்தில் வேலை முடிந்தது. கேள்விப்பட்ட பெங்களூர் மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாராம்.

ஓட்டையும் அகப்பட்டது. அவசரக்கார ஏஜென்ட் முதல் ஆளாகப் பதில் சொல்லித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது!

ஆறும் ஒரே நொடியில் பதில் சொல்லும்படி மாற்றினாள். மறுநாள் ரேஷன் கடை வரிசையில் ஆறு போன்கள் ஒரே நொடியில் 'கிணிங்' என்றன. மெஷினுக்குக் காத்திருப்பது யார் யார் என்று வரிசைக்கே வெளிச்சமாகிவிட்டது.

அதை மறைக்க ஊரிலுள்ள எல்லா போனுக்கும் வெற்றுச் செய்தி அனுப்பினாள். அஹமது கபீர் மகள் நிக்காஹ்வில் துஆ ஓதும்போது பந்தல் முழுக்கக் 'கிணிங்'.

"என்னம்மா மதி, கல்யாணத்துலயுமா?" என்றார் அவர், பாவமாக.

சத்தத்தையே எடுத்துவிட்டு மறுபடி சோதித்தாள். 'மீறல் எதுவும் இல்லை' என்றது திரை. நிரூபணம்! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

காலையில் சித்தப்பா மறுபடி கூப்பிட்டார்.

"இன்னிக்கு இருதயம்மா வயலு, நாளைக்கு நம்ம வயலு, அப்புறம் கமருன்னிஸா. டீக்கடைல வரிசையா ஒப்பிக்கிறாங்க!"

மதிவதனி செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். இருதயம்மாள் வயலில் மெஷின் இறங்கியிருந்தது. வரப்பில் ஆறு வீட்டுப் பெண்களும் நிற்க, எதிரே புரோக்கர் கைகட்டி நின்றார்.

"சித்தி, அவர் வாடகையை ஏத்திட்டாரா?"

"ஏத்துறதாவது! ஆறு வயலுக்கும் ஒரே வாடகை. சம்மதம்னா இறக்கு, இல்லன்னா ஆறும் உனக்கு இல்லன்னுட்டோம்" என்றாள் அம்சம்.

ஒருவர் ரகசியம் அடுத்தவருக்குத் தெரியாது என்று கோடி வழிகளுக்கு மதிவதனி நிரூபித்திருந்தாள். ஆறு பேரும் கூடி நிற்கும் வழி அவள் புரோக்ராமில் ஒரு வரிகூட இல்லை. எவ்வளவு பெரிய மூளைக்காரிகள் இவர்கள்!

"எல்லாம் சரி சித்தி. டீக்கடைல போய்ச் சொன்னது யாரு?"

"நாங்கதான் பாப்பா. யாருக்கு முதல்ல, யாருக்கு அப்புறம்னு மொத நாளே ஆறு பேரும் பேசி முடிச்சிட்டோம். ஆறு பேரும் ஒண்ணுன்னு புரோக்கர் காதுல விழ வேணாமா?"