மாமாவின் மாத்திரை, மாமாவின் சட்டை

அன்று அச்சரப்பாக்கத்து வீட்டில் இருந்தவர்கள் ஐந்தே பேர்: நான், என் அம்மா, என் தாய்மாமன், நாங்கள் பெண் பார்க்கப் போன கலா, அவளுடைய அப்பா. என்னைத் தவிர எல்லோரும் என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது.

காரணம், பயம். தொண்ணூறுகளின் கடைசி. எட்டாவதோடு படிப்பை விட்டு, மாமல்லபுரத்து லாட்ஜ்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். (சாரத்தில் ஏறவும் பயம்தான். சம்பளத்துக்காக ஏறினேன்.) பெண் பார்க்கப் போனதற்கு முந்தைய வாரம் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். ரத்தத்தில் தட்டணுக்கள் என்று பொடிப்பொடியாக ஓடுமாம். குழாயின் உள்சுவரில் காயம் பட்டால் அங்கே போய் ஒட்டிக்கொண்டு, ஒரு ரசாயனத்தைக் கக்கி மற்றவற்றையும் கூப்பிடுமாம். காயமில்லாத சுவரோ வேறொரு ரசாயனத்தைக் கசியவிட்டு, ‘இங்கே ஒட்டாதே’ என்று விரட்டுமாம். கூப்பிடுகிறவன் கை ஓங்கினால் அடைப்பு. அதனால் மாமாவுக்குத் தினம் ஒரு ஆஸ்பிரின்.

எனக்குத் தலை சுற்றியது. பட்டிப் பூச்சு உதிர்ந்த சுவரில் அழுக்கு ஒட்டும், அது தெரியும். ஒட்டாதே என்று தானே சொல்லும் சுவரை எந்த லாட்ஜிலும் நான் பார்த்ததில்லை. என் உள்சுவர் பேசுகிறதா, ஊமையா? எதற்கும் இருக்கட்டும் என்று மாமாவின் அட்டையிலிருந்து ஐந்து நாள், தினம் இரண்டு மாத்திரை திருடி விழுங்கினேன். (மாமாவுக்கு ஒன்று. என் பயம் இரண்டு மடங்கு.)

பெண் பார்க்கப் போகும் காலையில் மாமாவின் புது வெள்ளைச் சட்டையை இரவல் வாங்கினேன். சவரம் செய்யும்போது தாடையில் ஒரு கீறல். படிகாரம் தடவினேன், பவுடர் அப்பினேன், காகிதம் ஒட்டினேன். மதுராந்தகம் தாண்டுவதற்குள் காகிதம் சிவந்து விழுந்தது. அச்சரப்பாக்கத்தில் இறங்கும்போது சட்டைக் காலரும் சிவப்பு.

“இன்னா அண்ணாத்த, மாப்ளைக்கு ரத்தம் நிக்கவே மாட்டுது? எதுனா வியாதி கீதா?” என்று மாமாவைக் கேட்டார் பெண்ணின் அப்பா.

“வியாதியா? கல்லு மாதிரி கீறான் எம்புள்ள!” என்றாள் அம்மா.

கலா காபித் தட்டை வைத்துவிட்டுப் பஞ்சை எடுத்து வந்து என் தாடையில் அழுத்தினாள். செங்கல்பட்டில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை.

“மாத்திர எதுனா போட்டுகினு கீறீங்களா?”

ஆமாம் என்றால் நெஞ்சுநோயாளி. இல்லை என்றால் பெயர் தெரியாத வியாதிக்காரன். எப்படிச் சொன்னாலும் கல்யாணம் இல்லை.

“மாமாவோட ஆஸ்பிரின்... சும்மா, ஒரு பாதுகாப்புக்கு.”

“அடப்பாவி! நீதானா?” மாமா எழுந்தே விட்டார். “அட்டைல மாத்திர கொறையுதுன்னு கடைக்காரங்கிட்ட சண்ட போட்டுகினு வந்தேன்டா!”

கலா சிரிக்கவில்லை. “ஆஸ்பிரின் தட்டணுவோட வாயக் கட்டிடும். புது வாய் செஞ்சுக்க, மத்த செல்லு மாதிரி அதுக்குள்ள கரு கெடையாது. அது சாவுற வரைக்கும், ஒரு பத்து நாள், மத்ததக் கூப்புடாது. செவுரு வாயயும் கட்டும், ஆனா அதுக்குக் கரு கீது, மறுபடி செஞ்சுக்கும்.”

“அப்ப எங்க கட்சி ஜெயிச்சிருச்சா?” என்றேன்.

“நீங்க இன்னா கட்சி?”

“செவுரு.”

“பெயின்டராச்சே, வேற எந்தக் கட்சில இருப்பாரு!” என்று அவள் அப்பாதான் முதலில் சிரித்தார். கலா மட்டும் பஞ்சை எடுக்காமல் சொன்னாள்: “மாத்திரயத் தொடாம பத்து நாள் கழிச்சி லேபுக்கு வாங்க. ரத்தம் நிக்கிதான்னு பாத்துட்டு பதில் சொல்றேன்.”

போனேன், பத்து நாள் தாடியோடு. விரலில் குத்தினாள். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. ஆனால் அதைப் பார்த்தது அவள் மட்டும்தான். ஊசியைப் பார்த்ததுமே நான் மயங்கிவிட்டேன். கண் விழித்தபோது, “எனக்குச் சம்மதம்” என்றாள். (ரத்தத்துக்கா எனக்கா என்று அப்போது புரியவில்லை.)

இன்றும் நான் எதற்காவது பயந்தால், “செவுரு இன்னா சொல்லுது?” என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். மாமா ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து, கறை போகாத அந்தச் சட்டையை நினைவூட்டுகிறார். சட்டைக்கு நூற்று எண்பது, பத்து மாத்திரைக்கு ஐந்து. நூற்று எண்பத்தைந்து ரூபாய் இன்னும் பாக்கி.