ஈர விரிப்போடு காற்றாலைமேல் படையெடுத்த படலம்

கறை கண்டு கலங்காத நெஞ்சினர், நீலம் தோய்ந்த நகத்தினர், கஞ்சியிட்ட காலர்களைக் காவல்வீரர்போல் விறைத்து நிற்கச் செய்யும் கைவண்ணத்தார், தெருக்கோடியில் நிற்பவரும் தம் கடைப்பெயரைப் படிக்கட்டும் என்று மொட்டைமாடிச் சுவரின்மேல் மாடியின் நீளத்துக்கும் தகரப் பலகை எழுப்பிய தகைமையாளர், ஊரார் பளிச்சு என்றழைக்கும் லாண்டரிக்காரர் வாழ்க. அவர் குன்றேறிக் காற்றாலையோடு பொருத பெரும்போரைச் சொல்லப் புகுகிறோம். ஈரக்கை உள்ளவர்கள் துடைத்துக்கொண்டு வந்து உட்காரலாம்.

ஊரை ஒட்டிய குன்றின் உச்சியில், மூன்று வெண்கரம் சுழற்றி, விண்ணளக்கும் ஒற்றைக்காலில் ஒரு காற்றாலை எழுந்த அந்தப் பருவத்திலிருந்து, பளிச்சின் கொடிகளில் தொங்கிய லாட்ஜ் படுக்கை விரிப்புகள், தோற்ற படையின் துவண்ட கொடிகளென அசைவற்று நின்று, பகலெல்லாம் வெயில் குடித்தும் மடிப்போரத்து ஈரம் விடாமல், மெல்லிய பூஞ்சை வாடையோடு திரும்பிப் போயின. லாட்ஜ் மேனேஜர் ஒன்றை மூக்கருகே கொண்டுபோய், முகம் சுளித்து, மேசைமேல் வைத்தார்.

"இன்னொரு தடவை இந்த வாடை வந்துச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார்.

கடையின் பாதி வேலை அந்த லாட்ஜினுடையது. பளிச்சு அந்த விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

வீடு திரும்பிய வீரர் கண்ணில், தேய்த்த யூனிஃபார்ம் வாங்க வந்திருந்த மாப்பிள்ளை பட்டான். மனைவியின் தம்பி, அந்தக் காற்றாலைக்கே எண்ணெய் விட்டு, போல்ட் முடுக்குபவன். பகைவன் பாசறையின் படைவீரன் தன் கூடத்தில் காபி குடிப்பதைக் கண்ட பளிச்சு, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழங்கினார்.

"வர்ற காத்தையெல்லாம் உங்க மிஷினு முழுங்கிடுது மாப்ள. மிச்சம் மீதிதான் எனக்கு. அதுல கைக்குட்டைகூட காயாது."

"அது காத்துல சுத்துது மச்சான், அவ்வளவுதான். கீழ வர்றது வந்துக்கிட்டுதான் இருக்கு."

"காத்தே இல்லாத அன்னைக்கும் சுத்துதே? கீழேர்ந்து கரண்டு குடுத்து ஃபேன் மாதிரி சுத்த விடறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"சில நாள் நிக்குதே மச்சான், அதுக்கு என்ன சொல்றீங்க?"

"அன்னைக்கு வயிறு நிறைஞ்சிருக்கும்."

காற்றாலை காற்றைத் தின்கிறது, காற்றை உண்டாக்குகிறது, தின்று களைத்தால் ஓய்கிறது என்னும் மூன்று கொள்கைகளும், ஒரே வாளியில் ஊறியும் சாயம் ஒட்டாத துணிகள்போல், அப்பெருமகனார் நெஞ்சில் சண்டையின்றிக் கிடந்தன. "நாளைக்கே மேல வரேன். ஈர விரிப்ப உன் மிஷினுக்குப் பின்னால புடிச்சுக் காட்டறேன். ஒரு நூலு ஆடாது. ஆடுச்சுன்னா நான் தொழிலையே விட்டுடறேன்" என்று வஞ்சினம் உரைத்தார்.

உள்ளிருந்து மனைவி, "வரும்போது துணி கிளிப்பு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

மறுநாள் காலை புறப்பட்டது படை. முன்னே மாப்பிள்ளையின் பைக், பின்னே பளிச்சு, இருவருக்கும் நடுவே, வேலுமின்றி வாளுமின்றி, ஒற்றை ஈர விரிப்பைச் சுமந்த பிளாஸ்டிக் வாளி. பாதை வளைந்த இடமெல்லாம் வாளி தளும்பி வீரரின் மடியை நனைத்தது. பைக் திணறிய ஏற்றத்தில் அவர் இறங்கித் தள்ளினார்.

உச்சி அடைந்தனர். தலைக்கு மேலே வெண்கரங்கள் உஸ் உஸ்ஸென்று வானைச் சீவ, அஞ்சா நெஞ்சினர் கோபுரத்தின் பின்புறம் சென்று, கால் அகற்றி, மூச்சடக்கி, விரிப்பின் இரு முனைகளையும் பற்றி உயர்த்தினார். அவ்வளவுதான். குன்றின் முதுகேறி, சுழலும் கரங்களின் ஊடும் அடியும் புகுந்து, மதம் பிடித்த யானைக் கூட்டமெனப் பாய்ந்து வந்த காற்று, விரிப்பைப் பிடுங்கி, விசிறி, அதைக்கொண்டே நம் தலைவரைத் தலை முதல் முழங்கால் வரை சுற்றிக் கட்டியது. தலையணைக்கு உறை போட்டதுபோல் நின்றார். உள்ளேயிருந்து ஏதோ சொன்னார், வெளியே கேட்கவில்லை.

மாப்பிள்ளை சிரிக்காமல் உரித்துவிட்டான்.

முகம் வெளிப்பட்ட பளிச்சு, மூச்சு வாங்க, ஊர்ப்பக்கம் பார்த்தார். கீழே மாடி மாடியாய்ச் சட்டைகளும் சேலைகளும் துண்டுகளும், வெற்றி பெற்ற படையின் கொடிகளெனத் துள்ளிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு மாடியில் மட்டும் வெள்ளை விரிப்புகள் வரிசையாய், ஆடாமல் தொங்கின. அம்மாடியின் முன்சுவரில், காற்று வரும் திசைக்குக் குறுக்கே, கோட்டை மதிலென நின்றது ஒரு நெடுந்தகரப் பலகை. அதில் எழுதியிருந்த பெயரைக் குன்றின்மேலிருந்தும் படிக்க முடிந்தது. அவர் அதைப் பலமுறை படித்தார். காற்றாலை எழுந்த அதே மாதம் அவர் ஆசை ஆசையாய் எழுதி மாட்டிய பலகை.

நெஞ்சு நொந்தது. பெயரா, பிழைப்பா என்று அவ்வுள்ளத்தில் நடந்த போருக்குக் குன்றின் உச்சியில் நடந்த போர் ஈடாகாது. கடைசியில் அவர் வாளியைக் கையில் எடுத்தார்.

"மாப்ள, உங்க வீட்டுல ஏணி இருக்கா?"

"இருக்கு மச்சான்."

வாளியும் விரிப்புமாய் இறங்கினார்கள். உச்சி வெயிலில் ஸ்குரூ ஸ்குரூவாய்க் கழன்று, கைப்பிடிச் சுவரிலிருந்து பலகை சாய்ந்தது. அது சாய்ந்த கணமே, காத்துக்கிடந்த காற்று மாடியேறிப் பாய, நெடுநாள் சிறையிருந்த விரிப்புகள் ஒருசேர எழுந்து ஆர்ப்பரித்தன. பளிச்சு கழற்றிய ஸ்குரூக்களைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் மொறுமொறுவென்று காய்ந்த கட்டு லாட்ஜ் மேசையில் இறங்கியது. மேனேஜர் முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார், தலையசைத்தார். "எப்படிங்க சரியாச்சு?" என்று கேட்டார். வாசலில் ஏணியோடு மாப்பிள்ளை நிற்க, நீலம் தோய்ந்த நகத்தினர், கறை கண்டு கலங்காத நெஞ்சினர், நெஞ்சு நிமிர்த்தி, திசை எட்டும் கேட்க முழங்கினார்.

"நேர்ல மேல போய்ப் பேசிட்டு வந்தேன். இனிமே ஊருக்குக் காத்து ஒழுங்கா விடறோம்னு சொல்லிட்டாங்க."

மாப்பிள்ளை ஏணியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.