தொண்ணூற்றெட்டு மதிப்பெண் தெரு

நகரங்களை மன்னர்கள் நிறுவினார்கள், பொறியாளர்கள் கட்டினார்கள், தரகர்கள் விற்றார்கள். ஆனால் எந்தத் தெருவில் போய்க் குடியேறினால் மனிதன் மகிழ்ச்சியாக இருப்பான் என்ற கேள்விக்கு அறிவியல்பூர்வமான விடை கண்ட பெருமை, புள்ளியியல் அலுவலகத்தின் மூன்றாம் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஓர் இளம்பெண்ணையே சேரும். உலகம் இதை இன்னும் அங்கீகரிக்கவில்லை. உலகத்துக்கு எதிலும் கொஞ்சம் தாமதம்தான்.

அவள் பிறந்து வளர்ந்தது எட்டு வீட்டுக்கும் ஒரே குழாய் உள்ள ஒரு சந்தில். அந்தச் சந்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்பதால் அவள் பெயரே அங்கே 'பட்டதாரி' ஆகிவிட்டது. "ஏ பட்டதாரி, தண்ணி வந்துருச்சு, குடத்தை வை!" என்றுதான் கூப்பிடுவார்கள். உயர்கல்விக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்தப் பல்கலைக்கழகமும் செய்ததில்லை. அவளுக்கோ கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் இந்தச் சந்தை விட்டுப் போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்று பதினாலு வயதிலேயே தீர்மானம் நிறைவேற்றி வைத்திருந்தாள்.

கல்யாணமான ஆறாம் மாதம் அந்த நாள் வந்தது. எட்டு மணி நேரப் பயணத் தொலைவிலிருந்த பெரிய நகரத்துக்கு மாற்றல் உத்தரவு. கணவனின் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அங்கே ஒரு கிளை இருந்தது. மிச்சம் இருந்தது அம்மா.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் படுக்கை விரிப்புகளை எண்ணி மடித்தவள். எழுத்து தெரியாது, எண் தெரியும். முழங்கால் இரண்டும் ஓய்வு கேட்டபோது வேறு வழியில்லாமல் அவளும் ஓய்வு பெற்றிருந்தாள்.

"வர்றேன். ஆனா ஒண்ணு," என்றாள் அம்மா. "வாசல்ல வந்து நின்னா பேச ரெண்டு மனுஷங்க இருக்கணும். இல்லேன்னு வை, மூணாம் மாசம் பையைத் தூக்கிருவேன்."

"ரெண்டு என்னம்மா, நான் பாக்குற இடத்துல இருநூறு பேர் இருப்பாங்க."

"இருநூறு எதுக்குடி? ஊர்வலமா போகப்போறேன்?"

அன்று மாலையே சமையலறை மேசையில் 'குடிபெயர்வு இடத்தேர்வுக் குழு' கூடியது. தலைவர், பட்டதாரி. உறுப்பினர்-செயலர், கணவன். மற்ற உறுப்பினர்கள் எவருமில்லாததால் தீர்மானங்கள் யாவும் ஒருமனதாக நிறைவேறின. தலைவர் ஒரு நோட்டில் கோடு போட்டுப் பதினான்கு பத்திகள் கொண்ட 'கலகலப்புக் குறியீடு' ஒன்றை உருவாக்கினார். தெருவில் நடமாடும் இளம் தம்பதிகள், தலா கூட்டல் இரண்டு. வெளியே நாற்காலி போட்ட காபிக் கடை, கூட்டல் பத்து. கழுத்துப்பட்டை அணிந்த நாய், கூட்டல் மூன்று. கழுத்துப்பட்டை அணியாத நாய், கழித்தல் மூன்று. தெருப்பக்கம் துணி காயப்போடுதல், கழித்தல் மூன்று. ஒன்பதாம் பத்தி: வாசலில் நின்று வம்பளக்கும் நபர்கள், தலா கழித்தல் இரண்டு.

உறுப்பினர்-செயலர் தலையைச் சொறிந்தார். "ஒன்பதாவது... அத்தை கேட்டதே அதைத்தானே?"

"அம்மா கேட்டது நல்ல மனுஷங்களோட பேச. இது வம்பு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"வாடகை," என்றாள் அவள்.

கருவி சரியாக இயங்குகிறதா என்று சோதிக்க, மறுநாள் காலை எட்டரை மணிக்குத் தன் சொந்தச் சந்தையே அளந்தாள். வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் பதினாலு பேர், கொடியில் துணி. மொத்தம், கழித்தல் முப்பத்தொன்று. "பிரமாதம்! கருவி பொய் சொல்லலை," என்று அறிவித்தாள்.

புதிய ஊரில் முதலில் இருவரும் மட்டும் போய் ஒரு விடுதியில் அறை எடுத்துத் தங்கினார்கள். வேலை நாளில் ஏது நேரம்? ஆகவே கள ஆய்வு ஞாயிறுதோறும் பத்து முதல் பதினொன்று வரை என்று நிர்ணயமாயிற்று. புறநகரில் புதிதாகக் கட்டியிருந்த ஒரு தெருவுக்கு அவர்களை அழைத்துப்போன தரகருக்கு அவள் வைத்த பெயர் புன்னகை. அந்த மனிதரின் முகத்தில் வேறு எதுவும் இருந்ததில்லை.

"மேடம், ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு இந்தத் தெரு மாதிரி ஒரு தெருவை நீங்க எங்கயும் பாக்க முடியாது," என்றார் புன்னகை. அவர் தொழில் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை இது என்பது பின்னால்தான் தெரிந்தது.

என்ன ஒரு தெரு! ஜோடி ஜோடியாக இளம் தம்பதிகள் மேலும் கீழும் நடந்தார்கள். மாடிகளை அண்ணாந்து பார்த்தார்கள். எதிரே வந்தவர்களைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் மனைவியின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தான். பட்டதாரி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினாள். முதல் ஞாயிறு அறுபத்தொரு பேர். மூன்றாம் ஞாயிறு எண்பத்து மூன்று. வாசலில் நின்று வம்பளப்பவர், ஒருவர்கூட இல்லை. குறியீட்டில் கூட்டல்களுக்கு உச்சவரம்பு நூறு. தெரு நூற்றுக்கு நூறு வாங்கியது.

முன்பணம் கொடுத்தார்கள். சாமான் வந்தது. அம்மா ஒரு பையோடு வந்தாள்.

"ஒரு பைதானாம்மா?"

"முதல்ல பாக்குறேன். ரூமு சாவியை எதிர்வீட்டுக்காரிகிட்ட குடுத்துட்டு வந்திருக்கேன்."

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு எல்லா வீட்டுக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. எல்லா வண்டிகளும் கிளம்பின. ஏழே முக்காலுக்குத் தெருவில் ஈ காக்கா இல்லை. அம்மா பதினோரு மணி வரை வாசலில் நின்றாள். தண்ணீர் கேன் போடுகிறவன் வந்தான். அவனிடம் அவன் கல்யாணம், அவன் தங்கச்சியின் பிரசவம் வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவன் அடுத்து வர ஐந்து நாள் ஆகும்.

"எல்லாரும் வேலைக்குப் போறவங்கம்மா," என்றாள் பட்டதாரி மாலையில். "ஞாயித்துக்கிழமை பாரு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பத்து மணிக்குத் தெரு நிரம்பியது. பட்டதாரி வெற்றிக் களிப்போடு மாடியிலிருந்து பார்த்தாள். அம்மா வாசல் கேட்டருகே நின்று ஒவ்வொரு ஜோடியாகப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பதினொன்றே காலுக்கு முழங்காலைப் பிடித்தபடி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"எப்படி? நான் சொன்னேன்ல?"

"சொன்னேடி. அத்தனையும் வீடு பாக்க வந்ததுங்க. 'எத்தனை ரூமு'ன்னு என்னைக் கேக்குதுங்க. 'இங்க யாரு இருக்கா'ன்னு நான் அதுங்களைக் கேக்குறேன். ரெண்டு பேருக்கும் பதில் தெரியல."

"உனக்கு எதைப் பாத்தாலும் குறைதான்," என்றாள் மகள். புள்ளியியல் தெரியாதவர்களிடம் வாதாடக் கூடாது என்று அவளுக்குப் பாடமே இருந்தது.

இரண்டாம் மாதம் குடியிருப்போர் சங்கத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பவர்கள் என்பதால், வசதி கருதி எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே கைபேசியில் கலந்துகொண்டார்கள். எதிர்வீட்டுக்காரரின் முகத்தைப் பட்டதாரி முதன்முதலாக, ஒரு தபால்தலை அளவில் பார்த்தாள். தலைவராக இருந்த பல் மருத்துவர் பொருளை முன்வைத்தார்: தெருவில் கலகலப்புக் குறைபாடு.

"நாங்க வீடு பாக்க வந்தப்போ எவ்வளவு கூட்டம்!" என்றது திரையில் ஒரு கட்டம்.

"நாங்க வந்தப்பவும்தான்," என்றது இன்னொன்று.

"என்னிக்கு வந்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை. பத்து மணி."

"நாங்களும்."

பதினாறு கட்டங்களில் ஒன்றில் மஞ்சள் சட்டைக்காரன் முன்னால் குனிந்து உற்றுப் பார்த்தான்.

"மேடம், நீங்க பெஞ்சுல உக்காந்து ஒரு நோட்டுல எழுதிட்டிருந்தீங்களா?"

"ஆமா. நீங்கதானே சிரிச்சுட்டே போனீங்க?"

"அட, உங்களைப் பாத்துதாங்க இந்த வீட்டையே எடுத்தோம்! 'தெருவுல உக்காந்து கவிதை எழுதுறாங்க, ரசனையான ஏரியா'ன்னு என் வீட்டம்மா சொன்னா."

"உங்களைப் பாத்துதான் நான் எடுத்தேன்."

"எங்களையா? வழி தெரியாம மூணு ரவுண்டு சுத்தினோம். அந்தக் கடுப்புல சிரிச்சோம்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "இது இந்தக் கூட்டத்தைத் தாண்டிப் போகக் கூடாது. வெளியில தெரிஞ்சா வீட்டு மதிப்பு என்னாகும்? ஞாயித்துக்கிழமை வர்றவங்க நம்பிக்கிட்டே வரட்டும்." அறம் சார்ந்த இத்தீர்மானம் நிறைவேறியது. தொடர்ந்து 'கலகலப்புத் துணைக்குழு' ஒன்று அமைக்கப்பட்டு, கையில் நோட்டு வைத்திருந்த தகுதியின் பேரில் பட்டதாரி அதன் தலைவராக்கப்பட்டார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சந்திலிருந்து வந்தவள், ஒரு துணைக்குழுவுக்கே தலைவர்!

"இன்னொரு விஷயம்," என்றது கடைசிக் கட்டத்திலிருந்து ஒரு பெண் குரல். "யாரோ ஒரு அம்மா தினமும் வாசல் கேட்டுக்குப் பக்கத்துல நின்னுட்டு, போற வர்றவங்களை எல்லாம் 'சாப்டீங்களா, சாப்டீங்களா'ன்னு கேக்குறாங்க. யாரு வீட்டு வேலைக்காரம்மான்னு தெரியல. ஒரு மாதிரி இருக்கு. துணைக்குழு பாக்கணும்."

உள்ளறையில் அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பட்டதாரி வாயைத் திறந்தாள். பிறகு, அம்மாவின் குரல் கேட்டுவிடக் கூடாதே என்று ஒலிவாங்கியை அணைத்தாள். பிறகு திறந்து, "குறிச்சுக்கிட்டேன். நடவடிக்கை எடுக்கப்படும்," என்றாள். மீண்டும் அணைத்தாள்.

அடுத்த ஞாயிறு துணைக்குழுவின் மறு ஆய்வு. கணவன் நோட்டோடு பெஞ்சில் உட்கார்ந்து எண்ணிவிட்டு வந்தான். முடிவு, தொண்ணூற்றெட்டு.

"ரெண்டு எங்க போச்சு?"

"எண்ணினதை எழுதியிருக்கேன். நீயே பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான். வழக்கத்துக்கு மாறாக ரொம்ப நேரம் குளித்தான்.

மூன்றாம் மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அம்மா பையை எடுத்து வைத்தாள். சண்டை ஒன்றும் போடவில்லை. மடித்த சேலைகளின் நடுவே பேருந்துச் சீட்டைச் செருகினாள். மேசையில் கிடந்த நோட்டைத் தள்ளப்போனவள் நின்றாள். விரிந்திருந்த பக்கத்தில் எண்கள் இருந்தன.

"என்னடி இது? இங்க நூறு, இங்க தொண்ணூத்தெட்டு. முதல் பக்கத்துல முப்பத்தொண்ணு, முன்னாடி ஒரு கோடு."

"அது... ஆபீஸ் வேலைம்மா."

"அப்பிடியா? படி."

"நம்ம சந்துக்குக் குடுத்த மார்க்கு," என்றாள். "கழித்தல் முப்பத்தொண்ணு."

"எதுக்குக் கழிச்சே?"

"வாசல்ல நின்னு பேசுற ஆளுங்க. ஒருத்தருக்கு ரெண்டு. கொடித் துணிக்கு மூணு."

அம்மா விரல்விட்டாள். எட்டு வீட்டின் முகங்களையும் ஒவ்வொன்றாக நினைத்து எண்ணுவது தெரிந்தது. "காலையில எப்பவும் பதினாலு பேர் நிப்போம்."

"ஆமா."

"அப்போ நானும் அதுல சேத்தி."

நான்கு வருஷக் கல்லூரிப் படிப்பில் இதற்கான விடை எந்தப் பாடத்திலும் வரவில்லை.

"கணக்கு சரியாத்தான் போட்டிருக்கே," என்றாள் அம்மா. நோட்டை மூடி, விரிப்பை நீவுவதுபோல அட்டையை ஒருமுறை நீவி வைத்தாள். "சலவைக்கூடத்துலயும் கறை பட்டதைத் தனியாத்தான் எண்ணுவோம்."

"அம்மா, இரும்மா. நான் வேற வீடு பாக்குறேன். நிஜமா."

"பாரு. உன் நோட்டைத் தூக்கிப் போட்டுட்டுப் பாரு. அப்புறம் கூப்பிடு, வர்றேன்."

பேருந்து கிளம்பும்போது அம்மாவின் கைபேசியில் சந்தின் எதிர்வீட்டுக்காரி கத்துவது வெளியே நின்றவளுக்கே கேட்டது. "ஏறிட்டியா? ஜன்னலோரமா? பட்டதாரி அழுவுறாளா?" அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "இல்ல, எண்ணிட்டிருக்கா," என்றாள். வண்டி நகர்ந்தது.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்குத் துணைக்குழுத் தலைவரே நேரில் ஆய்வு செய்தார். தம்பதிகள் நடந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், சிரித்தார்கள். பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருந்த அவளைக் காட்டி ஒருத்தி தன் கணவனிடம் ஏதோ சொல்லி மகிழ்ந்தாள். கேட்டருகே யாரும் இல்லை. யாரும் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. ஒன்பதாம் பத்தியில் பூஜ்யம் எழுதிக் கூட்டினாள்.

நூற்றுக்கு நூறு. அந்தத் தெருவில் இருந்த ஒரே குறையைத் தன் கையாலேயே பேருந்தில் ஏற்றி அனுப்பியிருந்தாள் பட்டதாரி.