நசரத்பேட்டையில் நான் வரவழைத்த பூகம்பம்

ஒழுங்காக வேலை செய்யும் பொருளைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். மிக்ஸி, சீலிங் ஃபேன், மாமனாரின் காது மெஷின் என்று என்னிடம் மாட்டியவை பல. (மாமனார் இன்றும் என்னைக் கண்டால் காதைப் பொத்திக்கொள்வார்.) ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தையே மேசைக்கு அடியில் அனுப்பியது ஒரே ஒரு முறைதான்.

அப்போது என் மகள் ஓவியா மூன்றாம் வகுப்பு. வீடு பாரிவாக்கத்தில், உள்தெருவில் ஒரு ஃப்ளாட். பள்ளி நசரத்பேட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி. அறிவியல் கண்காட்சிக்கு ஓவியா, கீழ்வீட்டு ரெஹானா, எதிர்வீட்டு தருண் மூவரும் ஒரே குழு. முந்தைய வருடம் இவர்கள் வைத்த வெந்தயச் செடி கண்காட்சியன்று காலையில் தலை சாய்ந்துவிட்டது. அந்த மேசைப் பக்கம் ஒருவரும் நிற்கவில்லை. மனப்பாடம் செய்துகொண்டு போன ஆறு வரியை யாரிடமும் சொல்லாமலே திரும்பி வந்து மூன்றும் அழுதன. அதனால் இந்த முறை பரிசெல்லாம் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள்.

"ஒரு ஆளாவது நின்னு கடைசிவரைக்கும் கேக்கணும்ப்பா" என்றாள் ஓவியா.

பூகம்ப எச்சரிக்கைக் கருவி ஒன்றை அவர்களாகவே செய்தார்கள். ஒரு எவர்சில்வர் டம்ளர், அதற்குள் முட்டாமல் நூலில் தொங்கும் ஒரு கரண்டி. தரை அதிர்ந்தால் கரண்டி ஆடி 'ணங்' என்று டம்ளரில் இடிக்கும். அவ்வளவுதான். அழகாக வேலை செய்தது. நான் அதை அப்படியே விட்டிருக்க வேண்டும்.

சத்தம் பத்தாது என்றேன். பிள்ளைகள் செய்ததில் கை வைக்காதீர்கள் என்று என் மனைவி கல்பனா அடுப்படியிலிருந்தே எச்சரித்தாள். என் பிழைப்போ அடுத்தவர் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது. சும்மா இருப்பேனா?

பூந்தமல்லியில் லாரிகளுக்கு வயரிங் செய்யும் டில்லி அண்ணனிடம் போனேன். வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது அலறுமே, அந்த ஹாரன் ஒன்று வேண்டும் என்றேன். எந்த வண்டிக்கு என்று கேட்டார். மூன்றாம் வகுப்புக்கு என்றேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், இது அட்ச்சா அடுத்த தெருவுல தூங்கிகினு கீற நாயே எய்ந்து ஓடிடும். கொயந்தைங்களுக்கு இன்னாத்துக்கு சார் இது?"

"அறிவியலுக்கு" என்றேன் கம்பீரமாக.

நூலை எடுத்துவிட்டுக் கம்பி கட்டினேன். பழைய ஸ்கூட்டர் பேட்டரியை இணைத்தேன். கரண்டி டம்ளரைத் தொட்டால் ஹாரன் அடிக்கும். இரண்டுக்கும் நடுவில் நகக்கண் அளவுதான் இடைவெளி விட்டேன். சோதித்துப் பார்க்க ஹாலில் ஒரு குதி குதித்தேன். கருவி அலறியது. ரெஹானாவின் அப்பா பாதிச் சவரத்தோடு மாடியேறி ஓடி வந்தார். மகத்தான வெற்றி.

தருண் மட்டும் சந்தேகமாகப் பார்த்தான். "அங்கிள், இத எப்படி ஆஃப் பண்றது?"

பூகம்பத்தை ஆஃப் பண்ண முடியுமாடா என்று அவனை மடக்கினேன். (ஸ்விட்ச் வைக்க மறந்துபோனதுதான் உண்மை.) ஒயர் எதுவும் கழன்றுவிடக் கூடாதென்று எல்லா இணைப்பிலும் பசையை வேறு ஊற்றி இறுக்கினேன்.

இத்தனை சோதித்தவன் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்தாலே அதிசயம். பள்ளிக்கு முன்னாலோ நாள் முழுக்கக் கன்டெய்னர் லாரிகள். போதாக்குறைக்கு, முந்தைய வாரம்தான் அங்கே பேரிடர் ஒத்திகை நடந்திருந்தது. அபாயச் சத்தம் கேட்டால் மேசைக்கு அடியில் போக வேண்டும், தலைமையாசிரியை சொல்லும்வரை வெளியே வரக் கூடாது, பேசக் கூடாது.

கண்காட்சியன்று சிறப்பு விருந்தினராக ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்தார். எங்கள் மேசை முன்னால் நின்றார். நிஜமாகவே நின்றார். ஓவியா தொண்டையைச் செருமிக்கொண்டாள். கரண்டி ஆடாமலிருக்க டம்ளருக்குள் திணித்திருந்த துணியை நான் உருவினேன். அதே நேரம் வெளியே ஒரு லாரி போனது.

ஹாரன் அடித்ததும் நானூறு பிள்ளைகளும் பிசகாமல் ஒத்திகைப்படி மேசைக்கு அடியில் பாய்ந்தார்கள். அவர்கள் பாய்ந்ததில் தரை அதிர்ந்தது. தரை அதிர்ந்ததில் ஹாரன் மறுபடி அடித்தது. அது அடித்ததில் பெற்றோரும் பாய்ந்தார்கள். தலைமையாசிரியை பேராசிரியரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு அடியிலேயே போய்விட்டார். மற்ற மேசைகளில் பிள்ளைகள் செய்து வைத்திருந்த எரிமலைகள் கேட்பாரற்று ஆளுக்கொரு பக்கம் நுரை கக்கின. நான் ஒயரைப் பிய்க்கப் பார்த்தேன், பசை விடவில்லை. ஹாரனைச் சட்டைக்குள் திணித்து வயிற்றோடு கட்டிப்பிடித்தேன். அப்போது என் வயிறு அலறியது.

கடைசியில் ரெஹானா மேசைக்கு அடியிலிருந்து கையை நீட்டி, கரண்டியை இறுக்கிப் பிடித்தாள். சத்தம் நின்றது. எனக்குத் தோன்றாத யோசனை.

அந்த அரங்கில் நின்றுகொண்டிருந்தது நான் ஒருவன்தான். குனிந்து ஓவியாவைப் பார்த்தேன். அவள் உதடு பிதுங்கிக்கொண்டிருந்தது. இந்த வருடமும் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பேராசிரியர் மண்டியிட்டபடியே மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஏதோ சொல்ல வந்தியேம்மா, சொல்லு."

ஓவியா ஆரம்பித்தாள். இந்த வருடத்து ஆறு வரியையும் சொன்னாள். தருண் தாங்கள் வரைந்திருந்த படத்தைக் காட்டினான். ரெஹானா கரண்டியை விடாமலே விளக்கம் சொன்னாள். தலைமையாசிரியை இன்னும் வெளியே வரச் சொல்லாததால் அரங்கில் மூச்சுச் சத்தம் இல்லை. நானூறு பேரும், அவர்களைப் பெற்றவர்களும் மேசைகளுக்கு அடியில் உட்கார்ந்து கடைசிவரைக்கும் கேட்டார்கள்.

அடுத்த வருடச் சுற்றறிக்கையில் ஒரு புது விதி முளைத்தது: 'ஹாரன் பொருத்திய படைப்புகளுக்கும், அவற்றைப் பொருத்தும் பெற்றோருக்கும் அனுமதி இல்லை.' எங்கள் குடியிருப்பில் அதற்கு 'ஓவியா அப்பா விதி' என்று பெயர். வருடா வருடம் கல்பனா அதை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவாள்.

போன மாதம் மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர், தன் மகன் கண்காட்சிக்குச் செய்த காற்றாலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எந்தப் புண்ணியவானால் இப்படி ஒரு விதி வந்தது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஓவியா இப்போது ஒன்பதாம் வகுப்பு. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே என் பக்கம் கையைக் காட்டினாள்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, காற்றாலையை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.