சேதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பவும்

சோம்பேறித்தனத்துக்கு 'சிஸ்டம்' என்று பெயர் வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறவர்கள் உண்டு. அவர்களில் நான் முதல் வரிசை.

ரிங்லெட் என்கிற மலை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆன்லைன் விற்பனையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தோட்டத்தில் என்னைக் 'கம்ப்யூட்டர் கிராணி' என்பார்கள்; கிராணி என்றால் குமாஸ்தா. ஆபீஸ் என்பது ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜன்னல். மதியத்துக்குமேல் பனி இறங்கிவிட்டால் ஜன்னலும் கிடையாது. நாள் முழுக்க வாய் திறக்காமல் வீட்டுக்குப் போன நாட்கள் நிறைய.

அப்போதுதான் ஏஐ ஏஜெண்ட் வந்தது. வாடிக்கையாளர் செய்திகளைப் படித்து அதுவே பதில் எழுதும்; நான் 'அனுப்பு' என்று அமுக்கினால் போகும். ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்வது என்று ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதும். அந்தக் குறிப்புக்கு 'ஸ்கில்' என்று பெயர். அதன் தலையில், எந்தச் சமயத்தில் இதை எடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். ஏஜெண்ட் அந்த வரியைப் பார்த்துத்தான் ஸ்கில்லைத் தேர்ந்தெடுக்கும்.

நான் வெறிபிடித்தவன் மாதிரி ஸ்கில் எழுதினேன். பார்சல் தாமதத்துக்கு ஒன்று, டின் நசுங்கினால் ஒன்று, தேயிலை மாறிப் போனால் ஒன்று. மதியம் ஆனால் "சாப்பிட்டீர்களா?" என்று என்னைக் கேட்பதற்குக்கூட ஒன்று. (நானே எழுதிக்கொடுத்து, அது கேட்டதும் நானே "ஆச்சு" என்று பதில் போடுவேன். சிரிக்க வேண்டாம். வேறு யாரும் கேட்கவில்லை.)

பிறகு எனக்கு மூளை அதிகமாகிவிட்டது. எதற்கு மூன்று புகார் ஸ்கில்? எல்லா இடத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்றே ஒன்று போதாதா? மூன்றையும் சேர்த்துக் கட்டி, தலையில் இப்படி எழுதினேன்: 'யாராவது காத்திருந்து சலித்தாலோ, எதிர்பார்த்தது வந்து சேரவில்லை என்றாலோ, உடனே பயன்படுத்து. என்னைக் கேட்க வேண்டாம்.' அந்தக் கடைசி வாக்கியம், நாள் முழுக்க 'அனுப்பு, அனுப்பு' என்று அமுக்கி அலுத்துப்போய் நானே சேர்த்தது.

கடைக்கும் எனக்கும் ஒரே நம்பர்தான். எனக்கென்று தனியாகச் செய்தி அனுப்புகிற ஆள் அக்கா ஒருத்திதான். அவளும் வாய்ஸ் மெசேஜ்தான் போடுவாள், ஏஜெண்ட் அதைத் தொடாது.

அந்த அக்காதான் எனக்கு ஸ்டெல்லாவைப் பெண் பார்த்து வைத்தாள். மலையடிவாரத்துத் தாப்பாவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் இருப்பவர். போனில் இரண்டு முறை பேசினோம். இரண்டு முறையும் வைத்த பிறகு ஆபீஸில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பத்தெட்டு வயது. இதுவும் போனால் அடுத்தது இல்லை என்று அக்கா சொல்லியிருந்தாள், எனக்கும் தெரியும்.

அவர் சனிக்கிழமை பஸ் ஏறி, மலைமேல் தானா ராத்தா பஸ் ஸ்டேஷனுக்கு வருவதாக ஏற்பாடு. மோட்டார் சைக்கிளில் போனால் மரியாதை இல்லை என்று மாமாவின் காடியை, அதாவது காரை, கேட்டு வாங்கினேன். அது பள்ளி விடுமுறை என்பதை மறந்துவிட்டேன். (பத்து வருஷமாக இந்த மலையில் இருக்கிறேன்.) தேயிலைச் சரிவு தெரிகிற ஒவ்வொரு வளைவிலும் ஜனங்கள் காடியை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போயின. போனில் லைன் இல்லை. ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு லைன் அருமையாக இருந்தது.

பஸ் ஸ்டேஷனை அடைந்தபோது ஸ்டெல்லா இல்லை. தாப்பா பஸ் போய்விட்டது என்றார் டிக்கெட் கவுண்டர்காரர். அப்போதுதான் போனில் எல்லாம் வந்து கொட்டியது.

"நான் வந்து ரொம்ப நேரமாச்சு. நீங்க எங்க?"

"அன்பான வாடிக்கையாளரே, மலைப்பாதை நெரிசலால் உங்கள் பொருள் வந்து சேரத் தாமதமாகலாம். வருந்துகிறோம்." (இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பொருள் நான்தான்.)

"விளையாடுறீங்களா?"

"உங்கள் வருத்தம் புரிகிறது. சேதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பவும்."

அவர் அனுப்பியிருந்தார். ஒரு பெஞ்சு. அதில் இரண்டு கிளாஸ் தே தாரேக், ஆற்றிய பால் டீ. ஒன்று காலி, மற்றது ஆடை படிந்து அப்படியே இருந்தது.

"நன்றி. சேதம் உறுதி செய்யப்பட்டது. மாற்றுப் பொருள் வேண்டுமா, ரிஃபண்டா?"

"ரிஃபண்ட்."

"ஆர்டர் எண்ணைக் குறிப்பிடவும்."

"ஆர்டர் போட்டது உங்க அக்கா. அவங்ககிட்ட கேளுங்க."

அந்த இடத்தில் போனை மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அக்கா கூப்பிட்டாள்.

"டேய், அந்தப் பொண்ணுகிட்ட சேதத்தப் போட்டோ புடிச்சு அனுப்பச் சொன்னியாமே?"

"நான் சொல்லலக்கா. கம்ப்யூட்டரு."

"அப்ப கம்ப்யூட்டருக்கே கட்டி வச்சிருக்கலாம்லா. அதாச்சும் கேட்டா பதில் சொல்லுது."

அடுத்த வாரமே ஸ்கில்லை மறுபடி மூன்றாகப் பிரித்தேன். 'பொருள் வாங்கியவர்களுக்கு மட்டும்' என்று தலையில் எழுதினேன். என்னைக் கேட்காமல் எதுவும் போகாது. சொந்தத்துக்குத் தனி நம்பரும் வாங்கினேன். அதில் இதுவரை அக்காவும் போன் கம்பெனியும்தான் பேசியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அக்கா வீட்டில் சாப்பாடு முடிந்ததும் இந்தக் கதை ஆரம்பிக்கும். மாமா ஏஜெண்டாக நடிப்பார், அக்கா ஸ்டெல்லாவாக நடிப்பாள். "ஆர்டர் போட்டது உங்க அக்கா" என்றதும் வீடே உருண்டு சிரிக்கும். நானும் சிரிப்பேன். புதிதாக வந்த விருந்தாளிகளுக்கு 'ரிஃபண்ட் மாப்பிள்ளை' என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார்கள்.

கதை அதோடு முடியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. அன்று வீட்டுக்குப் போய்த்தான் மிச்சத்தைப் பார்த்தேன். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஏஜெண்ட் கேட்டிருந்தது. அவர் ஒன்று கொடுத்து, கீழே எழுதியிருந்தார்: "இந்த ஒண்ணு ஏன்னா, உடனே பதில் வந்துச்சு. எனக்கு யாரும் இவ்ளோ சீக்கிரம் பதில் போட்டதில்ல."

அதற்கு நானே உட்கார்ந்து பதில் எழுதினேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, ஒரு வாரம் ஆகிவிட்டது. அனுப்பியபோது ஒரு டிக் விழுந்தது. (போய்ச் சேர்ந்தால் இரண்டு விழும்.) இன்னும் அந்த ஒன்றுதான் இருக்கிறது.