செம்புத் தகடும் கத்தரிக்காயும்

சிவகாசி வட்டாரத்திலேயே கம்ப்யூட்டரைப் பட்டாசு மருந்துக்குச் சமமாக மதித்த ஒரே மனிதர் எங்கள் செம்பு அண்ணாச்சிதான். பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். தானாகவே புரோகிராம் கற்றுக்கொண்டு, அச்சகங்களுக்கு மென்பொருள் செய்யும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வந்த அன்றே வாசலில் ஒரு செம்புத் தகட்டை அறைந்தார். உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்க, மருந்து அறைக்குள் போகிறவர்கள் தொடுவார்களே, அதே தகடு. ஒருநாள் மறந்து நுழைந்த முதலாளியைக் காபி டம்ளரோடு வெளியே அனுப்பி, தொட்டுவிட்டு வரச் சொன்னார். மருந்து அறையைப் போலவே, அறைக்கு நாலு பேருக்கு மேல் ஆகாது என்பதும் அவர் சட்டம். ஐந்தாவதாகக் கேக் கொண்டுவந்தவர் வராந்தாவில் நின்றே பிறந்தநாள் பாட்டுப் பாடினார்.

காலண்டர் அச்சடிக்கும் சீசனில் ஒரு நாள். மை அளவைக் கணக்கிடும் பழைய சி பிளஸ் பிளஸ் நிரலையும் புதிய டாட்நெட் திரையையும் இணைக்கும் நூலகம், அதாவது நிரல் தொகுப்பு, என் பொறுப்பு. அது உருவாகாமல் நான் இருக்கையை விட்டு நகர முடியாது. நாலு மணிக்கோ என் மூன்று வயது மகள் பள்ளி மேடையில் கத்தரிக்காயாக நிற்கப்போகிறாள். "அம்மா, வருவேல்ல?" என்று காலையில் ஏழு முறை கேட்டிருந்தாள்.

துண்டுகளை ஒன்றாகக் கோக்கவேண்டிய லிங்கர், முப்பத்தேழு பிழைகளைக் காட்டியது. ஓர் அமைப்பை மாற்றினேன். தப்போ என்று பழையபடி வைத்தேன். அதுதான் தப்போ என்று மறுபடி மாற்றினேன். பிழை நாற்பத்தொன்றானது.

"அண்ணாச்சி, கொஞ்சம் வாங்களேன்."

"தகட்டைத் தொட்டியா?"

"காலையிலேயே தொட்டேன்."

"சாப்பிட்டு வந்தப்புறம்?"

எழுந்து போய்த் தொட்டுவிட்டு வந்தேன்.

பிழைகளை வருகைப் பதிவு எடுப்பதுபோல உரக்க வாசித்தார். "பேரைக் கூப்பிட்டிருக்க, ஆளு வரல. ஏன் வரலைன்னு மேல எளுதியிருக்கு பாரு."

"அது வெறும் எச்சரிக்கை அண்ணாச்சி. மஞ்சள்ல இருந்துச்சு. நான் சிவப்பைத்தான் பார்த்தேன்."

"நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு எச்சரிக்கையைப் படிக்காம விட்டியா தாயி?"

பழைய நிரல் முப்பத்திரண்டு பிட். நான் இணைப்பு நூலகத்தை அறுபத்துநாலு பிட்டில் அமைத்திருந்தேன். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது.

"எதுக்கு அறுபத்துநாலு?"

"பெருசா இருந்தா பின்னாடி உதவுமேன்னு..."

"தீவாளிக்குப் பிள்ளைக்குக் கவுனா எடுக்க?"

முப்பத்திரண்டுக்கு மாற்றினேன். பிழை பூஜ்யம். மணி மூன்றே முக்கால்.

பள்ளி விழாவைச் சொன்னதும் அண்ணாச்சி தன் ஸ்கூட்டரிலேயே ஏற்றிக்கொண்டார். மருந்து வண்டியோடு போய்வந்த பழக்கம். வேகம் காட்டும் முள் இருபதைத் தாண்டவில்லை.

"அண்ணாச்சி, சைக்கிள்காரர் நம்மளை முந்துறாரு."

"முந்தட்டும். நான் லோடு வச்சிருக்கேன்ல."

நாங்கள் நுழைந்தபோது தக்காளி இறங்கிக் கத்தரிக்காய் ஏறிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் தேடியவள் என்னைக் கண்டதும், சொல்லவேண்டியதை மறந்து கையை ஆட்டினாள். வெளியே வந்ததும் அண்ணாச்சியிடம்தான் தாவினாள்.

"இரு தாயி" என்றவர், பள்ளியின் இரும்புக் கேட்டை ஒருமுறை தொட்டுவிட்டே அவளைத் தூக்கினார்.

இப்போது அண்ணாச்சி வேலையை விட்டு நின்றுவிட்டார். அன்று அவரைப் பார்த்துக்கொண்ட பாப்பா இன்றும் மாலையில் பள்ளிக் கேட்டைத் தொட்டுவிட்டுத்தான் என்னிடம் ஓடிவருகிறாள். நானும் ஒரு கையைக் கேட்டுக் கம்பியில் வைத்தபடிதான் காத்திருக்கிறேன்.